ஆமைக்கு எண்ணெய்க் காப்பு

இந்த நாற்காலி ஆடுகிறது, ஐயா. பின்கால் ஒன்று குட்டை. தப்பாக நினைக்கவில்லை என்றால், சன்னல் ஓரம் கிடக்கிற அந்தப் பலகைச் சில்லை எடுத்து அடியில் செருகிக்கொள்கிறேன். தினமும் எத்தனை பேர் உட்கார்ந்து எழுந்து போகிற நாற்காலி, ஒருவருக்கும் தோன்றவில்லை பாருங்கள். ம், இப்போது சரி. ஆடுகிற பொருளின்மேல் உட்கார்ந்தால் எனக்குப் பேச்சு வராது. அது என் சுபாவம்.

என் பெயர் இராசையா. மடுல்சீமைப் பக்கம் நாகமலைத் தோட்டத்தில், தேயிலை பெக்டரி இஞ்சினைப் பார்த்துக்கொள்கிறவன். அங்கிருந்து பதுளைக்கு, உங்கள் மரண விசாரணைக் கச்சேரிக்கு, நடந்தே வந்தேன். ஒரே ஒரு வரியைத் திருத்துவதற்காக வந்தேன். என் தங்கை புருஷன் கந்தப்பன் டிராக்டரோடு போய்ச் செத்தானே, அந்த மரண விசாரணையின் முடிவை நேற்று எங்கள் துரை பெரட்டுக்களத்தில், வேலைக்குப் பேர் கொடுக்க ஆள் கூடி நிற்கும்போது, வாசிக்கச் சொன்னார். கணக்கப்பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டு தமிழில் வாசித்தார். "பழுது பார்த்தவரின் கைவேலைக் குறையால் நேர்ந்த விபத்து. வேறு யார்மேலும் குற்றம் இல்லை."

அந்த வரி தவறு. விபத்து என்பதும் தவறு, கைவேலைக் குறை என்பதும் தவறு. முதலாவதை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். இரண்டாவதை அப்படியே விட்டுவிட்டு என்னால் திரும்பிப் போக முடியாது. எழுதுகிறவர் மெதுவாகவே எழுதட்டும், எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

அந்த வண்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பெரிய சண்டை முடிந்த பிறகு பட்டாளத்தார் வேண்டாம் என்று தள்ளிய சாமான்களில் ஒன்றை எங்கள் துரை வாங்கினார். பழைய டிராக்டர். அதற்குச் சாதாரணச் சக்கரம் கிடையாது. இரண்டு பக்கமும் இரும்புப் பட்டைகளைக் கோத்த சங்கிலி, அது சுற்றச் சுற்ற வண்டி ஊர்ந்து போகும். சேறு, மேடு, கல் எதுவும் அதற்குப் பொருட்டில்லை. பதுளைக்கு இன்னும் ரயில் வரவில்லையே, அதனால் பண்டாரவளை ஸ்டேஷனில் துண்டு துண்டாக வந்து இறங்கி, அங்கிருந்து மாட்டு வண்டிகளில் மடுல்சீமை வரை வந்து சேர்ந்தது. பாதித் துண்டுகளில் துரு. சில துண்டுகளில் எந்த ஊர் மண்ணோ இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை ஒன்றாகச் சேர்த்து, மூச்சு வரவைத்து, ஓட வைத்தது நான்.

லயத்து வரிசை வீட்டுச் சனங்கள் அதற்கு ஆமை என்று பெயர் வைத்தார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. ஆனால் சனங்கள் வைத்த பெயரை யார் மாற்றுவது? நானும் ஆமை என்றே சொல்லப் பழகிவிட்டேன்.

ஆமை ஓடத் தொடங்கிய அன்று துரை கூட்டத்தைப் பார்த்து, யார் ஓட்டுவது என்று கேட்டார். நான் அப்போது வண்டிக்கு அடியில் ஒரு திருகாணியை முறுக்கிக்கொண்டிருந்தேன். வெளியே தவழ்ந்து வருவதற்குள் கந்தப்பன் ஏறி உட்கார்ந்துவிட்டான். ஆள் உயரம், அகன்ற தோள், தலைப்பாகை வேறு. பார்க்க எடுப்பாகத்தான் இருந்தான். துரை சிரித்தார். கதை அவ்வளவுதான். அதற்கு முன்னால் கந்தப்பன் மாட்டு வண்டி ஓட்டியவன், ஐயா. வாலை முறுக்கி ஓட்டிப் பழகிய கை.

பொறாமை என்று எழுதிவிடாதீர்கள். எனக்கு ஓட்டும் ஆசை இருந்ததே இல்லை. அந்த இருக்கையில் நான் உட்கார்ந்ததெல்லாம் சோதித்துப் பார்ப்பதற்காக மட்டும். இருக்கையின் தோல் கிழிந்திருந்ததை என் காசில் தைத்தது கூட, கிழிசல் கண்ணை உறுத்தியதால்தான்.

இனிச் சொல்லப்போவதற்கு, வண்டிக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிய வேண்டும். பயப்படாதீர்கள், பம்பரம் விட்டவருக்கு இது புரியும். சாட்டையை உருவிய பிறகும் பம்பரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது இல்லையா? அதேபோல, கிளட்ச் லீவரை இழுத்து இஞ்சினின் பிடியை விடுவித்த பிறகும், உள்ளே கியர்த் தண்டு சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும். அது நின்றால்தான் கியர்ப் பல்லோடு பல் சேரும். பம்பரத்தை நிறுத்த உள்ளங்கையை வைப்போமே, அந்த உள்ளங்கைதான் கிளட்ச் பிரேக். ஓர் இரும்புத் தட்டு, அதன் முகத்தில் ஒரு தோல் வளையம். லீவரைக் கடைசி வரை இழுத்தால் தோல் போய்த் தண்டை அணைத்துப் பிடிக்கும். தண்டு நின்றுவிடும். பிறகு கியர் பூனை நடப்பதுபோல் சத்தமில்லாமல் விழும்.

கந்தப்பனுக்கு இதையெல்லாம் நானே சொல்லிக் கொடுத்தேன். லீவரைக் கடைசி வரை இழு, பொறு, பிறகு கியரைப் போடு. அந்தத் தோலில் மட்டும் எண்ணெய் படவே கூடாது என்றும் சொன்னேன். மற்ற இடங்களுக்கெல்லாம் எண்ணெய்தான் உயிர், அந்த ஓர் இடத்துக்கு எண்ணெய் நஞ்சு. பட்டால் வழுக்கிவிடும், எவ்வளவு இழுத்தாலும் பம்பரம் நிற்காது. அவன் தலையை ஆட்டினான். எதையும் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விடுகிறவன் என்பதால் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவன் எப்படி ஓட்டினான் தெரியுமா? லீவரை அரைகுறையாக இழுத்து, பொறுக்காமல், கியரைக் குத்தித் தள்ளுவான். இரும்பு அலறும். பெக்டரிக்குள் என் இஞ்சின் சத்தத்தையும் மீறி அந்த அலறல் எனக்குக் கேட்கும். பல் கூசும், சோறு இறங்காது. மற்றவர்களுக்கு அது வண்டி போகிற சத்தம். "கந்தப்பன் வண்டி வருது" என்று பிள்ளைகள் ஓடுவார்கள். கந்தப்பன் வண்டி. ஐயா, அந்தச் சொல்லை ஒவ்வொரு முறை கேட்கும்போதும் கையிலிருந்த வேலையைக் கீழே வைத்துவிடுவேன். அதை மறைக்க நான் விரும்பவில்லை.

ஆனால் அவன் கெட்டவன் அல்ல. அதையும் எழுதுங்கள். என் தங்கை வேலாயியை அவன் ஒரு நாளும் கைநீட்டி அடித்ததில்லை. எங்கள் அப்பாவும் அம்மாவும் கடல் கடந்து வந்த வருடமே பேதியில் போய்விட்டார்கள். அவளை வளர்த்துக் கட்டிக்கொடுத்தது நான். கட்டிக்கொடுத்த பிறகு அவள் வாய்விட்டுச் சிரிக்கப் பழகியிருந்தாள். லயத்தில் என் அறை அவர்கள் அறைக்கு அடுத்தது. சுவர் மெல்லிசு.

இந்த வருடம் மழை தொடங்கும் முன் கிளட்ச் பிரேக்கின் தோல் தேய்ந்து தீர்ந்தது. தேய்க்கிற மாதிரி ஓட்டினால் தேயாமல் என்ன செய்யும்? ஆமை பெக்டரி வாசலில் படுத்துக்கொண்டது. அந்த நேரம் பார்த்துப் பெக்டரிக்கு நீராவி கொடுக்கிற புதுப் பொய்லர் வந்து மேல்மலை ரோட்டில் நின்றது. அதைக் கோயில் வளைவு வழியாகச் செங்குத்தான இறக்கத்தில் கீழே கொண்டுவர மாடுகளால் முடியாது. ஆமை எழுந்தாக வேண்டும் என்று துரை தினமும் வந்து நிற்பார். நான் வண்டிக்கு அடியில் கிடப்பேன். கந்தப்பன் மேலே இருக்கையில் உட்கார்ந்து சுருட்டுப் பிடிப்பான். துரை அவனைப் பார்த்துத்தான் கேட்பார், எப்போது ஓடும் என்று.

"மச்சான் கை பட்டா செத்த இரும்பும் எந்திரிச்சு நிக்கும் தொரை. நீங்க கவலப்படாதீங்க" என்பான் அவன்.

எனக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். என் கையைப் பற்றி நற்சான்று கொடுக்க அவன் யார்? பிறகு கீழே குனிந்து, "மச்சான், தேத்தண்ணி குடிச்சிட்டுச் செய்யலாம், வாங்க" என்று கோப்பையை நீட்டுவான். வாங்கிக் குடித்தேன். தேத்தண்ணி நன்றாகத்தான் இருக்கும், வேலாயி போட்டது.

பழுது பார்த்த விதத்தை ஒழுங்காகச் சொல்கிறேன், இதுதான் முக்கியம். பெக்டரியில் இஞ்சின் சுழற்றுகிற எருமைத் தோல் பட்டையில் நல்ல துண்டாகப் பார்த்து வளையமாக அறுத்தேன். தட்டின் முகத்தைக் கண்ணாடிபோல் தேய்த்தேன். தோலைத் தட்டோடு பிடிக்கச் செம்பு ரிவெட் வேண்டும் என்பார்கள். அதற்காகப் பதுளையில் மர்ஸூக் நானா கடைக்கு வந்தேன், உங்களுக்கும் தெரிந்த இரும்புக் கடைதான். அவர் அலுமாரியைத் திறந்து காட்டி, "செம்பு ரிவெட் முடிஞ்சி தம்பி. பண்டாரவளைக்கு ரயில்ல வந்திரும், கொஞ்சம் பொறுங்க. இரும்பாணிய மட்டும் போட்டுராதீங்க, தோல அறுத்திரும்" என்றார்.

கடைக்காரருக்குச் சரக்கு விற்க வேண்டும், அவர் அப்படித்தான் சொல்வார். நான் பொறுக்கவில்லை. தேயிலைப் பெட்டிக்கு அடிக்கிற ஆணிகளை நறுக்கி, தலையைத் தட்டி, ஒவ்வொன்றாக இறுக்கினேன். பார்த்தால் வித்தியாசமே தெரியாது. வேறு யாருக்கும் இந்த யோசனை வந்திருக்காது என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. பெக்டரி வாசலில் வைத்து இஞ்சினை ஓட்டிச் சோதித்தேன். லீவரை இழுத்தேன், தண்டு நின்றது, கியர் சத்தமில்லாமல் விழுந்தது. அதைப்போல் ஒரு சந்தோஷம் எனக்கு அந்த வருடத்தில் வேறு இல்லை. இருக்கையில் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அப்போது கந்தப்பன் வந்து, "சரியாயிருச்சா மச்சான்? எறங்குங்க, ஒரு சுத்துச் சுத்திப் பாப்பம்" என்றான்.

இறங்கினேன். இறங்கும்போதுதான் முடிவு செய்தேன்.

கவனியுங்கள், வேலையை முடித்த பிறகுதான் முடிவு செய்தேன். வேலை செய்யும்போது அந்த நினைப்பே இல்லை. கொலைக்காகக் கூட நான் என் வேலையைக் கெடுக்கவில்லை. ஓர் ஆணியைத் தளர்த்திவிடலாம், அது எவனும் செய்வான். என் கையால் ஒரு வேலையைக் கோணலாகச் செய்ய எனக்கு மனம் வராது. வேலை சுத்தமாக இருக்க வேண்டும், கெடுதல் வெளியிலிருந்து வர வேண்டும். யோசித்ததும் எண்ணெய் நினைவுக்கு வந்தது.

எங்கள் சனங்களின் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். காய்ச்சலிலோ அம்மையிலோ படுத்துக் கிடந்தவர் தேறி எழுந்தால், தலைக்கு எண்ணெய் வைத்து முழுக வைத்த பிறகுதான் வெளியே விடுவோம். இரும்புக்கும் பூசை உண்டு. ஆயுத பூசைக்குத் தேயிலைச் செடியைக் கழிக்கிற கவ்வாத்துக் கத்திக்குக் கூடச் சந்தனம் வைக்கிறோம். ஆகவே நான் வேலாயியிடம் சொன்னதில் யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை.

"ஆமை படுத்துக் கெடந்து எந்திரிச்சிருக்கு வேலாயி. பெரிய பாரத்த இழுக்கப் போவுது. எண்ணெ வைக்காம அனுப்பலாமா? ஓட்டுறவன் பொஞ்சாதி கையால வச்சா நல்லது."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "எனக்குத் தோணவே இல்லையேண்ணே. எங்க வைக்கணும்?"

இருக்கைக்கு அடியில் சின்ன இரும்பு மூடி ஒன்று இருக்கிறது. அதைத் திறந்து காட்டினேன். உள்ளே தோல் வளையம் புதிதாகத் தெரிந்தது. "இதுதான் வண்டியோட நெஞ்சு. புட்டியோட இதுல ஊத்திரு" என்றேன்.

மறுநாள் காலை கோயிலடியில் பூசை. மேல்மலை ரோட்டில் பொய்லரை வண்டிப் பலகையில் ஏற்றி ஆமைக்குப் பின்னால் பிணைத்திருந்தார்கள். பனிமூட்டம், பக்கத்தில் நிற்பவர் முகம் கூடச் சரியாகத் தெரியாது. அந்த வாரம் முழுவதும் நாங்கள் வெயிலையே பார்க்கவில்லை. சங்கிலிக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள், தேங்காய் உடைத்தார்கள். வேலாயி மஞ்சள் பூசிக் குளித்து, ஈரத் தலையோடு நல்லெண்ணெய்ப் புட்டியைக் கொண்டுவந்தாள். நான் மூடியைத் திறந்து வைத்துவிட்டு வண்டிக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பி நின்றேன். பெண்கள் சாமி காரியம் செய்யும்போது உற்றுப் பார்ப்பது முறையல்ல. திரும்பி வந்தபோது புட்டி காலியாக இருந்தது. மூடியை அவளே மூடியிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

நல்லெண்ணெயைத்தான் ஏன் சொன்னேன் என்று கேட்பீர்கள். தேங்காயெண்ணெய் எங்கள் மலைக் குளிரில் கட்டியாகிவிடும். நல்லெண்ணெய் அப்படியில்லை, காயவும் காயாது. எருமைத் தோல் ஒரு முறை அதைக் குடித்துவிட்டால் அப்புறம் விடாது. வருடம் போனாலும் முகர்ந்து பார்த்தால் எள்ளு வாசம் அடிக்கும். பெக்டரியில் பட்டை வேலை செய்தவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

அப்புறம் நடந்தது உங்கள் காகிதத்திலேயே இருக்கிறது. கோயில் வளைவில் இறக்கம் தொடங்கும் இடத்தில் வண்டியை நிறுத்தி, ஆகக் குறைந்த கியரைப் போட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டும். அதுவரை பொய்லர் வண்டிக்கு முன்னால் கட்டைகள் வைத்து ஆள்கள் நிற்பார்கள். கந்தப்பன் லீவரை இழுத்தான். தண்டு நிற்கவில்லை. இரும்பு அலறியது. அவன் திரும்பத் திரும்பக் குத்தினான். பிறகு பல்லின் நுனி எப்படியோ மாட்டியிருக்கிறது. விழுந்துவிட்டது என்று நினைத்து, "எடுங்கப்பா கட்டைய" என்று கத்தினான். எடுத்தார்கள். பல் துள்ளி வெளியே வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஆமைக்கும் இஞ்சினுக்கும் சம்பந்தம் இல்லை. பின்னால் பொய்லர் தள்ளியது. பக்கத்துக்கு ஒன்றாக இருக்கிற பிரேக்குகள் அந்தப் பாரத்துக்குப் போதாது.

அவன் குதித்திருக்கலாம். முதலில் நான் நினைத்தது அதுதான். பயந்து குதிப்பான், துரை அவனை மறுபடி வண்டியில் ஏற்றமாட்டார், எல்லாம் நல்லபடி முடியும் என்று. ஆனால் குதிக்கிற ஆள் அவன் அல்ல என்பதும் எனக்குத் தெரியும். பொய் சொல்ல நான் இங்கே வரவில்லை.

வளைவுக்குக் கீழே இடப்பக்கம் லயம். வாசலில் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். கந்தப்பன் வலப்பக்கம் திருப்பி மண்திட்டில் மோதினான். பொய்லர் பின்னாலிருந்து ஏறியது. யோசித்துச் செய்தான் என்கிறார்கள் சனங்கள், அந்த இடத்தில் விளக்கு வைக்கத் தொடங்கிவிட்டார்கள். எனக்கு அதில் சந்தேகம் உண்டு. வண்டியைத் திருப்புகிற இரண்டு லீவரில் அவசரத்தில் கைக்குக் கிடைத்ததை இழுத்திருப்பான், அவன் எப்போதும் அப்படித்தான். அவனை வெளியே எடுக்க நானும் கை கொடுத்தேன். பொய்லரை நெம்புகோல் போட்டுத் தூக்க வேண்டியிருந்தது, அது எப்படி என்று அங்கே வேறு யாருக்கும் தெரியவில்லை. ஆமைக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. முன்விளக்குச் சட்டம் வளைந்திருக்கிறது, நிமிர்த்திவிடலாம்.

எல்லாம் முடிந்து நான் அமைதியாக இருந்தேன். துரை இனி யாரை ஓட்டச் சொல்வார் என்று மட்டும் சில நேரம் யோசித்தேன். தோட்டத்தில் வேறு யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள். அப்போதுதான் விசாரணைக்கு வந்தவர்கள் இருக்கையடி மூடியைத் திறந்து எதையோ பார்த்து எதையோ எழுதிக்கொண்டு போனார்கள். நேற்று அந்த வரியை வாசித்தார்கள்.

யாரும் என்னைத் திட்டவில்லை, ஐயா. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பெரட்டுக்களத்தில் எல்லாரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். "பாவம், தெரியாமச் செஞ்சிட்டாரு" என்றாள் ஒரு கிழவி. பெக்டரியில் இஞ்சினுக்கு வேறு ஆளை வைப்பதாகத் துரை சொன்னார், அதையும் தன்மையாகத்தான் சொன்னார். வேலாயி வெறும் நெற்றியோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "விடுண்ணே. நீ வேணும்னா செஞ்ச?" என்றாள்.

ஆமாம் என்று வாய் வரை வந்தது. வேண்டுமென்றேதான் செய்தேன், வேலையில் தவறவில்லை என்று. தங்கையிடம் அதைச் சொல்ல முடியவில்லை. கஞ்சி ஊற்றி வைத்திருந்தாள், குடிக்காமல் விடியும்போதே கிளம்பிவிட்டேன்.

ஆகவே திருத்தி எழுதிக்கொள்ளுங்கள். கந்தப்பனைக் கொன்றது எண்ணெய். ஊற்றியது அவன் பெண்சாதி, ஒன்றும் தெரியாமல். ஊற்ற வைத்தது நான், எல்லாம் தெரிந்து. பழுது பார்த்த வேலையில் குறை இல்லை. இதற்குத் தூக்கு என்றால் தூக்கு. இந்த வாக்குமூலத்தையும் பெரட்டுக்களத்தில் வாசிக்கச் சொல்ல வேண்டும், அது ஒன்றுதான் என் வேண்டுகோள்.

எங்கே எழுந்து போகிறீர்கள்? சரி, இருக்கிறேன்.

வேலாயியா? வெளியே விறாந்தையில் இருக்கிறாளா? சாப்பிடாமல் வந்துவிட்டேன் என்று பின்னாலேயே வந்திருப்பாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அவளை ஏன் விசாரித்தீர்கள்? அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னேனே.

இன்னொரு முறை வாசியுங்கள், எழுதுகிறவர் கொஞ்சம் சத்தமாக வாசிக்கட்டும்.

"தோலுல எண்ணெ படக்கூடாதுன்னு அண்ணேதான் அவருக்குச் சொல்லிக் குடுத்திருக்கு. அவரு அத எங்கிட்டப் பெருமையாச் சொல்லியிருந்தாரு. அண்ணே வேலக் களப்புல மறந்திருச்சின்னு நெனச்சேன். நாலு பேரு முன்னுக்குச் சொன்னா வெக்கப்படுமேன்னு மூடிய மூடிட்டு, எண்ணெய வண்டி மூஞ்சிக்குப் பொட்டு வச்ச எடத்துல தேச்சேன். அங்க ஒரு சொட்டும் ஊத்தல்லங்க."

இது பொய், ஐயா. அண்ணனைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள். பாவம், அவளுக்கு என்னைவிட்டால் யார் இருக்கிறார்கள். கந்தப்பனாவது, நான் சொன்னதை நினைவில் வைத்திருந்து வீட்டில் போய்ச் சொல்வதாவது. அவன் அப்படிப்பட்ட ஆளே இல்லை. புட்டி காலியாக இருந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

அது என்ன பொட்டலம்? கொடுங்கள். ஆமாம், இது நான் அறுத்த வளையம்தான். என் கை அறுத்த ஓரம் எனக்குத் தெரியாதா? பொறுங்கள், நாற்காலி மறுபடி ஆடுகிறது. நான் வைத்த சில்லு நழுவிவிட்டதுபோல் இருக்கிறது. உங்கள் தரை சரியில்லை.

ஆணித் துளைகள் கிழிந்திருக்கின்றன. எல்லாத் துளைகளும். இரும்பு அறுத்த மாதிரி ஒரு கிழிசல். அது மோதியபோது கிழிந்திருக்கும், எதுவும் மோதினால் கிழியத்தானே செய்யும். நிறம் மாறவில்லை. முகர்ந்து பார்க்கச் சொல்கிறீர்களா? பார்க்கிறேன்.

பழைய பட்டை வாசம் வருகிறது.

எழுதுகிறவர் பேனாவை ஏன் கீழே வைத்துவிட்டார்? எடுக்கச் சொல்லுங்கள். என்னை வீட்டுக்குப் போ என்று சொல்ல வேண்டாம், அவள் கையைப் பிடித்துக்கொண்டு அந்த லயத்துக்கு நான் திரும்பிப் போகமாட்டேன். நான் சொன்னபடியே எழுதுங்கள், நான்தான் கொன்றேன், எண்ணெயால் கொன்றேன். தோல் உலர்ந்திருப்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அன்றைக்கு நல்ல வெயில். நல்லெண்ணெய் சீக்கிரம் காய்ந்துவிடும், ஐயா. வேலை தெரிந்தவன் சொல்கிறேன்.